நோயும் உங்களுடையது, அறிக்கையும் உங்களுடையதே

நோயாளி மருத்துவரிடம் சொல்லும் செய்திகளில் பல, அவர் தம் உடன்பிறந்தாரிடமும் சொல்லாதவை. குடிப்பழக்கம் எத்தனை ஆண்டுகளாக உள்ளது, முந்தைய கர்ப்பம் ஏன் கலைந்தது, உறக்கமின்றி எத்தனை இரவுகள் கழிந்தன, காசநோய் மாத்திரையை இடையில் ஏன் நிறுத்தினார் என்பனவற்றை மறைக்காமல் சொன்னால்தான் நோயைச் சரியாகக் கண்டறிய இயலும். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் எவரும் மறைக்காமல் சொல்வார்கள். ஆகவே, இரகசியம் காத்தலை நாங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதுகிறோம். மாத்திரையின் அளவு தவறினால் ஏற்படும் தீங்கைப் போலவே, செய்தி கசிவதாலும் தீங்கு நேரும்.

முன்பு நோயாளியின் செய்திகள் ஒரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பு அலமாரியில் இருந்தது. அலமாரியின் சாவி ஒருவரிடம் இருந்தது. இன்று இரத்தப் பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக வருகிறது. ஸ்கேன் அறிக்கை வாட்ஸ்அப்பில் வருகிறது. காப்பீட்டுத் திட்டத்திற்கான ஒப்புதல் ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறது. வசதி பெருகியிருக்கிறது; அதனுடன் செய்தி கசியும் வழிகளும் பெருகியிருக்கின்றன. இவ்வழிகள் எவை, சட்டம் தங்களுக்கு என்ன பாதுகாப்பு அளிக்கிறது, சட்டம் எட்டாத இடத்தில் நாம் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

ஒரு கைப்பேசி, ஒரு குடும்பம்

அஞ்செட்டி வட்டத்தின் மலைக்கிராமங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்பது இன்றும் காணக்கூடிய நிலை. அது பெரும்பாலும் ஓசூரில் வேலைக்குச் செல்லும் மகனிடமோ, குடும்பத் தலைவரிடமோ இருக்கும். பதிவு செய்யுமிடத்தில் எண் கேட்கும்போது நோயாளி அந்த எண்ணையே கொடுக்கிறார். சிலர் அண்டை வீட்டாரின் எண்ணைக் கொடுக்கிறார்கள். பின்னர் பரிசோதனை முடிவு, மறுவருகைக்கான நினைவூட்டல், ஓ.டி.பி. ஆகிய அனைத்தும் அந்தக் கைப்பேசிக்கே செல்கின்றன. மருமகளின் மகப்பேறு மருத்துவச் செய்தியை மைத்துனர் முதலில் படிக்கிறார். மனநலச் சிகிச்சை பெறும் பெண்ணின் மறுவருகை நாள் அண்டை வீட்டாருக்குத் தெரிகிறது.

அடுத்த வழி ஜெராக்ஸ் கடை. அறிக்கையை அச்செடுக்க வேண்டுமெனில் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறோம். அச்செடுத்த தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அனுப்பிய கோப்பு அக்கடையின் கைப்பேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகிறது. தேன்கனிக்கோட்டையிலோ ஓசூரிலோ பெங்களூருவிலோ மேல்சிகிச்சைக்குச் செல்லும் குடும்பங்கள், உறவினர் பலரிடம் ஆலோசனை கேட்டு அதே அறிக்கையைக் குடும்பக் குழுவிலும் பகிர்கின்றன. மூன்று நாட்களில் அது யார் யாரிடம் சென்றது என்பதை எவராலும் சொல்ல இயலாது.

இவற்றில் எவரும் தீய எண்ணத்துடன் செயல்படவில்லை. ஆயினும் விளைவு கடுமையாக இருக்கக்கூடும். காசநோய் என்ற ஒரு சொல் பரவியதால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகலாம். எச்.ஐ.வி. என்ற சொல் பரவினால் ஒரு குடும்பமே ஊரில் தனித்து விடப்படலாம். இந்த அச்சத்தால் நோயாளிகள் தம் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையைத் தவிர்க்கின்றனர். மருந்தை இடையில் நிறுத்துகின்றனர். நோய் முற்றிய பின்னரே வருகின்றனர்.

தமிழ்நாட்டில் தொடங்கிய இரண்டு வழக்குகள்

தனியுரிமை என்பது நகரத்தாருக்கான புதுச்சொல் என்று எண்ண வேண்டியதில்லை. இந்தியச் சட்டத்தில் அது வளர்ந்த வரலாற்றில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இரண்டு வழக்குகளுக்கு முக்கிய இடம் உண்டு.

முதலாவது, இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முயன்றனர். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பொது ஆவணங்களில் உள்ளவற்றை இதழ் வெளியிடலாம் என்று கூறியது. அதே தீர்ப்பில், தன்னுடைய, தன் குடும்பத்தினுடைய, திருமணம், தாய்மை, குழந்தைப்பேறு முதலியவற்றின் தனிமையைக் காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றும், அவருடைய ஒப்புதலின்றி அவற்றை எவரும் வெளியிடலாகாது என்றும் கூறியது. குழந்தைப்பேற்றுச் செய்தி ஒரு பெண்ணுக்கு உரியது என்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தின் சொல் உள்ளது.

இரண்டாவது வழக்கு மருத்துவமனையைப் பற்றியது. நாகாலாந்து மாநில மருத்துவப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், 1995 ஆம் ஆண்டு ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். அந்நோயாளிக்காக இரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அச்செய்தி வெளியே சென்றது. நிச்சயிக்கப்பட்டிருந்த அவருடைய திருமணம் நின்றது. சொந்த ஊரில் வாழ இயலாமல் அவர் சென்னைக்கே குடிபெயர்ந்தார். மருத்துவமனை இரகசியம் காக்கத் தவறியது என்று அவர் வழக்குத் தொடுத்தார். நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயர் ‘திரு. எக்ஸ்’ என்றும், மருத்துவமனையின் பெயர் ‘இசட்’ என்றும் மட்டுமே குறிக்கப்பட்டன.

1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலையில் அவர் தரப்புக்குச் செய்தியைச் சொன்னது தவறாகாது என்று முடிவு செய்தது. அத்தீர்ப்பில், தொற்றுள்ளவரின் திருமண உரிமை குறித்துச் சொல்லப்பட்ட கருத்துகள் தேவையற்றவை என்று 2002 டிசம்பர் மாதத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது.

இவ்வழக்கு எழுப்பிய வினா இன்றும் எங்கள் அறைகளில் எழுகிறது. ஒருவரின் இரகசியமும் இன்னொருவரின் உயிரும் எதிரெதிரே நிற்கும்போது என்ன செய்வது? 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு ஓர் ஒழுங்கான வழியை வகுத்துள்ளது. நோயாளியின் தெளிவான ஒப்புதலின்றி அவருடைய நிலையை வெளியிடக்கூடாது என்பது பொது விதி. வாழ்க்கைத் துணைக்குக் கணிசமான ஆபத்து இருந்தால், முதலில் நோயாளிக்கு ஆலோசனை வழங்கி, அவரே சொல்லுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்பது உறுதியான பிறகே, அவருக்குத் தெரிவித்துவிட்டு, மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குச் சொல்லலாம். அவ்வாறு சொல்வதால் நோயாளி, குறிப்பாகப் பெண், வன்முறைக்கோ கைவிடப்படுதலுக்கோ உள்ளாகக்கூடும் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக்கூடாது. மாமனார், மாமியார், ஊர்ப் பெரியவர், முதலாளி ஆகிய எவருக்கும் இச்சட்டத்தில் அவ்வாறு தெரிந்துகொள்ளும் இடம் இல்லை.

இன்று தங்களுக்கு உள்ள உரிமைகள்

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி. இத்தீர்ப்பு இட்ட அடித்தளத்தின்மேல் 2023 ஆகஸ்ட் மாதத்தில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பர் மாதத்தில் வெளியிடப்பட்டன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழிந்தபின் முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன.

இச்சட்டத்தில் நோயாளிகள் அறிந்திருக்க வேண்டியவை சில. தகவல் எதற்காகப் பெறப்படுகிறது என்பதைச் சொல்லி, தங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தாங்கள் விரும்பும் ஒன்றிலோ படிக்க வழி இருக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் நம் எல்லைப் பகுதிக்கு இது பெரிதும் பயன்படும். அம்மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். தவறான தகவலைத் திருத்தக் கோரலாம். தகவல் கசிந்தால் அதைத் தங்களுக்குத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க இச்சட்டம் இடமளிக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில், ஒப்புதலுக்காகக் காத்திராமல் தகவலைப் பயன்படுத்தலாம். மயங்கிய நிலையில் வருபவரின் இரத்த வகையையும் ஒவ்வாமையையும் அறிய எவரும் தயங்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு முன்பிருந்தே மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் விதிகள் உண்டு. 2002 ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். அடையாளம் தெரியும் வகையில் நோயாளியின் படத்தை அவருடைய அனுமதியின்றி எங்கும் வெளியிடக்கூடாது. மனநலச் சிகிச்சை பெறுவோருக்கு 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தனியாகவே இந்த உரிமையை உறுதி செய்கிறது. காசநோய் போன்ற அறிவிக்கப்பட வேண்டிய நோய்களைச் சுகாதாரத் துறைக்கு நாங்கள் தெரிவித்தாக வேண்டும். அது சிகிச்சையும் உதவித்தொகையும் தங்களை வந்தடைவதற்கான ஏற்பாடு. ஊருக்குச் சொல்வது ஆகாது.

‘ஆபா’ எனப்படும் 14 இலக்க மருத்துவ எண்ணைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். அஞ்செட்டியில் எடுத்த பரிசோதனையைப் பெங்களூருவில் உள்ள மருத்துவர் காண்பதற்கு, இரு மருத்துவமனைகளும் அத்திட்டத்தில் இணைந்திருந்தால், அது உதவும். அதைப் பெறுவது தங்கள் விருப்பம். எந்த ஆவணத்தை எவருக்கு எவ்வளவு காலம் காட்டுவது என்பதும் தங்கள் ஒப்புதலைப் பொறுத்தது. அந்த ஒப்புதல் கைப்பேசிக்கு வரும் எண்ணின் வழியாகவே நடைபெறுகிறது. கைப்பேசி வேறொருவரிடம் இருந்தால் ஒப்புதலும் அவர் கையில் இருப்பதாகவே பொருள்.

சட்டம் எட்டாத இடம்

தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. தனிப்பட்ட அல்லது குடும்பப் பயன்பாட்டுக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு அது பொருந்தாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் பகிரும் சித்தப்பா மீது இச்சட்டம் பாயாது. மேலும், ஒருவர் தாமாகவே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கும் இச்சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. தம் அறிக்கையை எல்லோரும் காணும்படி முகநூலில் பதிவிடுபவர் அந்தப் பாதுகாப்பைத் தாமே விட்டுவிடுகிறார்.

ஆகவே, மிகுதியான கசிவு நிகழும் இடத்தில் காவல் நாமே. மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவரின் படத்தை எடுத்து ‘விரைவில் நலம் பெறுக’ என்று ஸ்டேட்டஸ் வைப்பது அன்பினால் செய்யப்படுவதுதான். படுத்திருப்பவர் அதை விரும்புகிறாரா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். அருகிலுள்ள கட்டிலின் நோயாளியும் அப்படத்தில் விழுகிறார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவரின் உடலின் மறைவான பகுதிகளை அவர் ஒப்புதலின்றிப் படமெடுப்பதோ அனுப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

அறிக்கையின் பொருளை அறிய அதைக் கைப்பேசிச் செயலிகளிலும் செயற்கை நுண்ணறிவுத் தளங்களிலும் பதிவேற்றும் வழக்கம் பெருகி வருகிறது. அவ்வாறு செய்ய வேண்டுமெனில், பெயர், வயது, கைப்பேசி எண், மருத்துவமனைப் பதிவு எண் ஆகியவை உள்ள பகுதியை நீக்கிவிட்டுச் செய்யுங்கள். அதனினும் நன்று, அந்த வினாவை அடுத்த வருகையில் எங்களிடமே கேட்பது.

குடும்பத்தாருக்கு எவ்வளவு தெரியலாம்?

நம் நாட்டில் நோய் ஒருவருக்கு வந்தாலும் சிகிச்சை குடும்பத்துக்கே நடைபெறுகிறது. துணைக்கு வருபவர் இல்லாமல் எங்களால் எதுவும் செய்ய இயலாது. ஆனால், “அப்பாவுக்குச் சொல்லாதீர்கள், எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்” என்று பிள்ளைகள் கேட்கும்போது நாங்கள் தயங்குவதைக் கண்டிருப்பீர்கள். தயக்கத்துக்குக் காரணம், அச்செய்தி முதலில் அப்பாவுக்கு உரியது என்பதுதான். தமக்கு எவ்வளவு தெரிய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். “எனக்கு வேண்டாம், என் மகளிடம் பேசுங்கள்” என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவே. நாங்கள் அவ்வாறே செய்வோம்.

நினைவிழந்தாலோ இறந்தாலோ தம் தரவு உரிமைகளைத் தமக்குப் பதிலாகப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையைப் புதிய சட்டம் அளிக்கிறது. நீண்டகால நோயுள்ளோர், நலமாக இருக்கும்போதே அந்த ஒருவர் யார் என்பதைக் குடும்பத்துடன் பேசி வைப்பது நல்லது.

ஒரு விலக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். 18 வயது நிறையாத சிறுமி கர்ப்பமுற்று வந்தால், போக்சோ சட்டத்தின்படி நாங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைத் திருமணங்கள் இன்னும் நிகழும் நம் மலைப்பகுதியில், இதற்கு அஞ்சியே சில குடும்பங்கள் மருத்துவமனையைத் தவிர்க்கின்றன. அந்தத் தவிர்ப்பு சிறுமியின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை வெளியிடுவதைச் சட்டம் தடை செய்துள்ளது. அத்தகைய காணொளி தங்கள் கைப்பேசிக்கு வந்தால் எவருக்கும் அனுப்பாமல், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ தெரிவியுங்கள்.

வேலையிடத்தில்

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் பலர், விடுப்புக்காக முழு டிஸ்சார்ஜ் சம்மரியையும் மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுகின்றனர். விடுப்புக்கு எத்தனை நாள் ஓய்வு தேவை என்ற சான்றும், பணிக்குத் திரும்பும்போது உடல்தகுதிச் சான்றுமே பெரும்பாலும் போதுமானவை. அவற்றை எங்களிடம் தனியாகக் கேட்டுப் பெறலாம். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக எந்த நிறுவனமும் விதிக்கக்கூடாது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது.

இன்றே செய்யக்கூடியவை

• பதிவு செய்யுமிடத்தில் கொடுக்கும் கைப்பேசி எண் யாருடையது என்பதைச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கு முடிவுகளை அனுப்ப வேண்டாமெனில் அதையும் சொல்லுங்கள். நேரில் வந்து தாளில் பெறலாம்.

• மருத்துவரிடம் தனியே பேச வேண்டுமெனில் செவிலியரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். துணைக்கு வந்தவரைச் சிறிது நேரம் வெளியே இருக்குமாறு நாங்களே கேட்டுக்கொள்வோம்; காரணத்தைச் சொல்ல மாட்டோம்.

• ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தபின், அனுப்பிய கோப்பை ‘அனைவருக்கும் நீக்கு’ என்ற வசதியால் உடனே நீக்குங்கள். கணினியிலும் நீக்குமாறு கடைக்காரரிடம் கேளுங்கள்.

• காப்பீட்டு அட்டை, உதவித்தொகை, ஆபா எண் என்று எதைச் சொல்லி எவர் அழைத்தாலும், தொலைபேசியில் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

• முக்கியமான அறிக்கைகளைத் தாளில் ஒரு கோப்பாக வீட்டில் வையுங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலால் முடங்கியபோது, அத்தனை பெரிய மருத்துவமனையும் பல நாட்கள் கைப்பட எழுதியே பணியாற்ற நேர்ந்தது.

• தங்கள் தகவல் எங்கள் மருத்துவமனையிலிருந்து கசிந்தது என்று ஐயம் எழுந்தால், எழுத்து மூலம் முறையிடுங்கள். எழுத இயலாதவர் சொல்லச் சொல்ல எழுதித் தருவது எங்கள் பணியாளரின் கடமை. முறையிட்டதால் சிகிச்சையில் எவ்வித வேறுபாடும் இருக்காது.

இப்பட்டியலில் முதல் செயலுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. அடுத்த முறை வரும்போது, தங்கள் பதிவில் உள்ள கைப்பேசி எண் எது என்று கேட்டுச் சரிபாருங்கள். மாற்ற வேண்டுமெனில் அங்கேயே மாற்றித் தரப்படும்.